பாடவேளைக்கு யார் பணம் தருவது?

2018 மே 9ஆம் தேதி, சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலைத் தேடிப் புறப்பட்ட ஒரு குடும்பம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே வழி கேட்க வண்டியை நிறுத்தியது. அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அந்தக் குடும்பத்தின் மூத்த பெண்மணி சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிற கூட்டம் வந்துவிட்டது என்று ஊர் திரண்டது. 65 வயதான அந்தப் பெண்மணி அடித்தே கொல்லப்பட்டார். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். வடநாட்டுக் கும்பல் ஒன்று குழந்தைகளைக் கடத்துகிறது என்ற செய்தி அதற்கு முந்தைய வாரங்களில் வட மாவட்டங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருந்தது. ஜூலை 1ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில், ரெயின்பாடா என்ற ஊரில், இதே சந்தேகத்துக்கு ஐந்து பேர் பலியானார்கள். அந்த மாதமே, இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

அந்த நாட்களில் நாடு முழுவதும் பரவிய வீடியோக்களில் ஒன்றைப் பலரும் பார்த்திருப்பார்கள். மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறப்பார்கள். காணாமல்போகும் குழந்தைகளுக்காக வேலை செய்யும் கராச்சி அமைப்பு ஒன்று எடுத்த விழிப்புணர்வுப் படம் அது. முழுப் படத்தில் அந்த இருவரும் திரும்பி வந்து சிறுவனை இறக்கிவிட்டு, கையில் எழுத்துப் பலகையைப் பிடித்துக் காட்டுவார்கள். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டார்கள். மிச்சமிருந்தது ஒரு கடத்தல்.

இதுக்கு முன்னால் என்ன இருந்தது, பின்னால் என்ன இருந்தது, யார் எடுத்தது, எந்த ஊரில் எடுத்தது என்று கேட்கிற பழக்கம் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டாத ஒன்றல்ல. ஊடக எழுத்தறிவு என்று கல்வியாளர்கள் சொல்வதன் அடிப்படை இவ்வளவுதான். ஆனால் ஒரு கேள்வி ஒரு முறை கேட்டால் பழக்கமாகிவிடாது. வாரம் தவறாமல் வகுப்பில் அதைக் கேட்க வைக்க ஓர் ஆசிரியர் வேண்டும். அந்த ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும், கால அட்டவணையில் ஒரு பாடவேளை வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் பின்னால் பணம் இருக்கிறது. தொடக்கப் பள்ளிக்கும் நடுநிலைப் பள்ளிக்கும் இந்தப் பணத்தை யார் தந்திருக்கிறார்கள், தந்தபோது என்ன கிடைத்தது, நின்றபோது என்ன ஆயிற்று என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. எவ்வளவு பணம் என்பதைவிட எந்த வகைப் பணம் என்பதே பாடத்தின் தரத்தைத் தீர்மானித்திருக்கிறது என்பது பல நாட்டு அனுபவங்களைப் படித்த பிறகு எனக்கு உறுதியாகிவிட்ட கருத்து.

அரசு தொடங்கி வைத்து, கைவிட்ட கதை

இதை இணையம் கொண்டுவந்த புதுக் கவலை என்று நினைக்கிறோம். அமெரிக்காவில் தொலைக்காட்சி காலத்திலேயே அரசு இதற்குப் பணம் கொடுத்துப் பார்த்தது. 1978இல் அந்நாட்டின் கல்வி அலுவலகம், தொலைக்காட்சியைச் சிந்தித்துப் பார்க்கும் திறனுக்கான பாடத்திட்டத்தை உருவாக்க நான்கு நிறுவனங்களுக்கு நிதி வழங்கியது. தொடக்கப் பள்ளிப் பாடம் டெக்சாசின் ஆஸ்டினில் இருந்த ஒரு கல்வி ஆய்வுக்கூடத்திடமும், நடுநிலைப் பள்ளிப் பாடம் நியூயார்க்கின் டபிள்யூஎன்இடி பொதுத் தொலைக்காட்சி நிலையத்திடமும் போயின. உயர்நிலைப் பள்ளிக்கு ஒன்று, கல்லூரிக்கும் பெரியவர்களுக்கும் ஒன்று. வயதுக்கு ஏற்ற பாடம் வேண்டும் என்ற தெளிவு அப்போதே இருந்ததை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. விளம்பரம் எங்கே முடிகிறது, நிகழ்ச்சி எங்கே தொடங்குகிறது என்று ஏழு வயதுக் குழந்தைக்குச் சொல்ல வேண்டிய விதம் வேறு, பன்னிரண்டு வயதுக்குச் சொல்ல வேண்டிய விதம் வேறு.

அதே ஆண்டு விஸ்கான்சின் செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மையர் இதைப் பிடித்துக்கொண்டார். அரசின் வீண்செலவுகளுக்கு ‘கோல்டன் ஃபிளீஸ்’ என்ற பெயரில் மாதந்தோறும் பட்டம் கொடுத்துவந்தவர் அவர். கல்லூரி மாணவர்களுக்குத் தொலைக்காட்சி பார்க்கச் சொல்லிக்கொடுக்க 219,592 டாலரா என்று கேட்டார். நாடு சிரித்தது. வசை கல்லூரிப் பகுதியைக் குறித்ததுதான். ஆனால் டிவி பார்க்கவும் பாடமா என்ற கேலி முழு முயற்சியின் மீதும் ஒட்டிக்கொண்டது. 1980களின் தொடக்கத்தில் ரீகன் ஆட்சி வந்ததும் மத்திய அரசின் கல்விச் செலவுகள் சுருங்கின, இந்த நிதியும் வற்றியது. மூன்று ஆண்டு, நான்கு ஆண்டுக்கு என்று வருகிற திட்டப் பணத்தின் இயல்பு இது. கைபார்த்து நிற்கிற பாடத்தை ஒரு பரிகாசமே நிறுத்திவிட முடியும். கணக்குப் பாடத்துக்கு யாரும் இப்படிப் பட்டம் கொடுத்துவிட முடியாது, ஏனென்றால் அதற்கான செலவு தனியாக எங்கும் எழுதப்பட்டிருக்காது, ஆசிரியரின் சம்பளத்துக்குள்ளேயே இருக்கும்.

அரசு விட்ட இடத்தில் வணிகம் நுழைந்ததுதான் அடுத்த அத்தியாயம். கிறிஸ் விட்டில் என்பவர் 1989இல் ‘சேனல் ஒன்’ என்ற ஒளிபரப்பைத் தொடங்கினார். பள்ளிக்கு டிஷ், வகுப்புகளுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி எல்லாம் இலவசம். பதிலுக்கு, நாள்தோறும் 12 நிமிடச் செய்தியை மாணவர்கள் பார்க்க வேண்டும். அதில் 2 நிமிடம் விளம்பரம். கருவி வாங்கப் பணமில்லாத பள்ளிகள் கையெழுத்துப் போட்டன. நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளில் லட்சக்கணக்கான பிள்ளைகள் வகுப்பு நேரத்தில் இனிப்புக்கும் காலணிக்கும் விளம்பரம் பார்த்தார்கள். 2018இல் அது மூடப்பட்டது. பார்வையாளரை விழிப்பாக்க வேண்டிய இடத்தில் பார்வையாளரை விற்றார்கள் என்பதே அந்தத் திட்டத்தைப் பற்றிய என் தீர்ப்பு. அந்தப் பள்ளிகளை நான் குறை சொல்லமாட்டேன். ஓட்டைக் கூரையின் கீழ் உட்கார்ந்திருக்கும் தலைமையாசிரியரிடம் இலவசப் பெட்டியை வேண்டாம் என்று சொல்லச் சொல்வது நியாயமில்லை. அவரை அந்த நிலையில் விட்டவர்களைத்தான் கேட்க வேண்டும்.

சட்டம் உண்டு, காசு இல்லை

2016இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வரலாற்றுக் கல்விக் குழு, அமெரிக்காவின் 12 மாநிலங்களில் மாணவர்களிடமிருந்து 7,804 விடைகளைத் திரட்டி ஓர் ஆய்வை வெளியிட்டது. நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஓர் இணைய இதழின் முகப்புப் பக்கத்தைக் காட்டி எது செய்தி, எது விளம்பரம் என்று கேட்டார்கள். விளம்பரதாரர் வழங்குவது என்று எழுதியே இருந்த ஒரு பதிவைச் செய்தி என்றே 80 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் நம்பினார்கள். எழுத்துக்கூட்டி வாசிக்க அவர்களுக்குத் தெரியும். அந்தச் சொல் எதற்காக அங்கே இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

இந்த ஆய்வும், அதே ஆண்டு நடந்த அதிபர் தேர்தலும் சேர்ந்து அமெரிக்க மாநிலங்களை உசுப்பின. 2021இல் இல்லினாய்ஸ், உயர்நிலைப் பள்ளிகளில் ஊடக எழுத்தறிவுக்கு ஓர் அலகு கட்டாயம் என்று சட்டம் இயற்றியது. 2023 ஜனவரியில் நியூஜெர்சி, மழலையர் வகுப்பிலிருந்து 12ஆம் வகுப்பு வரை தகவல் எழுத்தறிவைக் கொண்டுவரும் சட்டத்தில் கையெழுத்திட்டது. அதே ஆண்டு அக்டோபரில் கலிஃபோர்னியா, இதைத் தனிப் பாடமாக்காமல் மொழி, கணிதம், அறிவியல், வரலாறு ஆகிய பாடத்திட்ட வரைவுகளுக்குள்ளேயே சேர்க்கச் சொன்னது. பாடத்திட்ட நோக்கில் பார்த்தால் கலிஃபோர்னியாவின் வழிதான் நல்ல வழி. சின்ன வகுப்புகளையும் அது சேர்த்துக்கொள்கிறது.

சட்டங்களின் வாசகத்தைப் படிக்கும்போது வராத வருத்தம், அவற்றோடு வந்த பணத்தைத் தேடும்போது வருகிறது. இல்லினாய்ஸ் சட்டத்தோடு ஆசிரியர் பயிற்சிக்கு நிதி வரவில்லை. ஒரு பள்ளியில் நூலகர் ஆறு வாரம் நடத்துவார், பக்கத்துப் பள்ளியில் ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டி முடித்துவிடுவார்கள், இரண்டும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான். தேசிய அளவில் இதற்கு 2 கோடி டாலர் மானியம் ஒதுக்க வேண்டும் என்று செனட்டர் ஏமி குளோபுச்சர் 2019இல் கொண்டுவந்த மசோதா சட்டமாகவில்லை. கட்டாயப்படுத்திவிட்டுப் பணம் தராமலிருப்பது பணக்கார மாவட்டங்களுக்கு ஒரு பொருட்டல்ல, அவை தம் வரிப்பணத்தில் நூலகர்களை வைத்திருக்கின்றன. அடி விழுவது ஏழை மாவட்டங்களுக்குத்தான்.

ஒரு மணி நேரமும் பதினான்கு வாரமும்

எது பயன் தருகிறது என்ற கேள்விக்கு மிகத் தெளிவான விடைகளில் ஒன்று பீகாரிலிருந்து வந்திருக்கிறது. அதை இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

அரசியல் அறிவியலாளர் சுமித்ரா பத்ரிநாதன் 2019 மக்களவைத் தேர்தல் நேரத்தில் பீகாரில் 1,224 பேரிடம் ஒரு சோதனை நடத்தினார். பயிற்சி பெற்றவர்கள் வீடு தேடிப் போய், பொய்ச் செய்தியைக் கண்டறியும் வழிகளை ஏறத்தாழ ஒரு மணி நேரம் நேருக்கு நேர் சொல்லிக்கொடுத்தார்கள். சராசரியில் பலன் ஏதும் தெரியவில்லை. 2020இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், பொய்ச் செய்தியைக் கண்டுபிடிப்பதற்கான குறிப்புகளை அமெரிக்காவிலும் இந்தியாவிலும் மக்களுக்குக் காட்டினார்கள். இணையத்தில் இருந்த, நன்கு படித்த இந்தியர்களிடம் முன்னேற்றம் இருந்தது. வட இந்தியக் கிராமங்களில் நேரில் சந்தித்தவர்களிடம் இல்லை. துண்டுப் பிரசுரம் ஏற்கெனவே படித்தவருக்கே உதவுகிறது என்று இதற்குப் பொருள்.

பிறகு பத்ரிநாதனும் பிரியதர்ஷி அமர், சீமோன் ஷோஷார், ஃபுளோரியான் சிஷார்ட் ஆகியோரும் சேர்ந்து வேறு விதமாக முயன்றார்கள். ‘ஜீவிகா’ என்ற பீகார் அரசின் ஊரக வாழ்வாதார அமைப்பு நடத்தும் நூலகங்களில், 583 கிராமங்களைச் சேர்ந்த 13,500க்கு மேற்பட்ட மாணவர்களுக்கு வகுப்பு நடந்தது. எட்டிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகள். ஆசிரியர், பாடம், வீட்டுப்பாடம் எல்லாம் உண்டு. ஏறத்தாழ 14 வாரங்களில் நான்கு வகுப்புகள். ஒப்பீட்டுக்கென வைக்கப்பட்ட மாணவர்களுக்கு அதே நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார்கள். பாடம் படித்தவர்கள் உண்மையையும் பொய்யையும் பிரித்தறிவதில் தெளிவாக முன்னேறினார்கள். செய்தி எங்கிருந்து வருகிறது என்று எடைபோடும் விதம் மாறியது. சில மாதம் கழித்து, வகுப்பில் பேசாத விஷயங்களைக் கொடுத்துக் கேட்டபோதும் அந்தத் திறன் நின்றது. பிள்ளைகளின் பெற்றோரிடமும் மாற்றம் தெரிந்தது.

அந்தக் கடைசிச் செய்தியில் நான் வெகுநேரம் நின்றேன். நம் வீடுகளில் பாட்டிக்கு வாட்ஸ்அப் செய்தியை வாசித்துக்காட்டுவது யார்? பேரன், பேத்திதான். குழு அமைத்துக் கொடுப்பதும், படத்தை இறக்கித் தருவதும் அவர்கள்தான். ஊரகப் பிள்ளைகளின் கல்வி நிலையைக் கணக்கெடுக்கும் ஏசர் அமைப்பின் 2024ஆம் ஆண்டு அறிக்கைப்படி, ஊரக இந்தியாவில் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் 82 சதவீதத்தினருக்கு ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரியும். அவர்களில் 57 சதவீதம் பேர் முந்தைய வாரம் படிப்புக்காக அதைப் பயன்படுத்தினார்கள், 76 சதவீதம் பேர் சமூக ஊடகத்துக்காக. பிள்ளைக்குச் செலவிடும் ரூபாய் வீட்டுக்குள்ளும் போகிறது என்றால், இதைப் பிள்ளையின் கல்விச் செலவாக மட்டும் கணக்கிடுவது தவறு.

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், 499 உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்து ஸ்டான்ஃபோர்டு குழு நடத்திய ஆய்வும் இதே திசையைக் காட்டுகிறது. 50 நிமிட வகுப்புகள் ஆறு. ஓர் இணையதளத்தை அதற்குள்ளேயே உட்கார்ந்து ஆராயாமல், வெளியே வந்து அதைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடுவது அந்த வகுப்புகள் கற்றுத்தந்த முறை. உண்மை சரிபார்ப்பவர்கள் நாள்தோறும் செய்வது இதைத்தான். பள்ளியின் சொந்த ஆசிரியர்களே நடத்தினார்கள், மாணவர்கள் முன்னேறினார்கள்.

பீகாரில் நான்கு வகுப்பு, நெப்ராஸ்காவில் ஆறு. பெரிய எண்ணிக்கையே இல்லை. ஆனால் ஒரு நாள் விழாவாக, ஒரு மணி நேரச் சொற்பொழிவாக நடத்தினால் இது கிடைக்காது. பேனர் கட்டி, சிறப்பு விருந்தினரை அழைத்து, உறுதிமொழி எடுத்து, படம் எடுத்துத் தளத்தில் பதிவேற்றுகிற விழிப்புணர்வு நாளுக்குப் பணம் எளிதாகக் கிடைக்கிறது. அந்தப் பணத்தை அப்படியே நான்கு பாடவேளைகளாக மாற்றிவிட்டால் போதும் என்று சொல்லத் தோன்றுகிறது. இந்த ஆய்வுகள் எட்டாம் வகுப்பிலிருந்துதான் தொடங்குகின்றன என்பதையும் மறைக்கக் கூடாது. நான்காம், ஐந்தாம் வகுப்பில் இதைத் தொடங்குகிற எந்த அரசும், கற்பிப்பதற்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கை அளந்து பார்ப்பதற்கும் வைக்க வேண்டும்.

நிறுவனங்களின் பணம்

இன்று உலகெங்கும் இந்தத் துறையில் அதிகம் கண்ணில் படுவது தொழில்நுட்ப நிறுவனங்களின் நன்கொடை. 2018இல் கூகுளின் அறக்கொடைப் பிரிவு 30 லட்சம் டாலர் தந்து, அமெரிக்கப் பதின்பருவத்தினருக்கான ‘மீடியாவைஸ்’ திட்டத்தைத் தொடங்கி வைத்தது. இந்தியாவில் ‘ஃபேக்ட்சாலா’ வலைப்பின்னலுக்கும் கூகுளின் ஆதரவு கிடைத்தது. 2020இல் ஃபேஸ்புக்கும் சிபிஎஸ்இயும் கைகோத்து, மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இணையப் பாதுகாப்புப் பாடம் நடத்தின.

இந்த முயற்சிகளில் உழைக்கும் பத்திரிகையாளர்கள், பயிற்றுநர்கள் பலர் நேர்மையானவர்கள். தமிழிலும் நல்ல பயிற்சிகள் இதனால் நடந்திருக்கின்றன. என் தயக்கம் பாடத்தில் வராத பகுதியைப் பற்றியது. படத்தைத் திருப்பித் தேடுவது எப்படி, கடவுச்சொல்லை வலுவாக வைப்பது எப்படி என்பதெல்லாம் தவறாமல் வரும். இந்த வீடியோவை ஏன் எனக்குக் காட்டுகிறார்கள், நான் பார்ப்பதால் யாருக்குக் காசு, கோபப்படுத்துகிற பதிவு ஏன் மேலே வருகிறது என்ற கேள்விகள் அரிதாகவே வரும். அந்தக் கேள்விகளின் விடை பணம் கொடுத்தவரின் வீட்டு வாசலில் போய் நிற்கிறது. சேனல் ஒன்னில் விளம்பரம் வெளிப்படையாக இருந்தது. இங்கே விளம்பரம் இல்லை, ஆனால் சொல்லப்படாத ஒரு பக்கம் இருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு நாம் கற்றுத்தர வேண்டிய முதல் கேள்வி, இதைச் சொல்கிறவருக்கு இதில் என்ன லாபம் என்பதுதான். அந்தக் கேள்வியைப் பாடநூலின் கடைசி அட்டையில் இருக்கும் முத்திரையை நோக்கியும் அந்தப் பிள்ளை கேட்க முடிய வேண்டும்.

இன்னொரு குறையும் உண்டு. நிறுவனத்தின் முன்னுரிமை மாறும்போது பணம் நிற்கும். பள்ளி அடுத்த ஜூனிலும் திறக்கும்.

நிறுவனங்களின் பணமே வேண்டாமா? வரியாக வாங்கிப் பொது நிதியில் சேர்த்துப் பாடத்திட்டத்தை அரசின் கல்வி வாரியம் எழுதட்டும் என்பதே என் நிலை. நன்கொடையாக வாங்கத்தான் வேண்டுமென்றால், பாடத்தின் உள்ளடக்கத்தில் கொடுத்தவருக்குக் கை இருக்கக் கூடாது.

கண்ணூரிலிருந்து

2017இன் இறுதியில், தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி போடும் இயக்கத்தின்போது கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் வதந்திகள் கிளம்பின. பெற்றோர் பலர் பிள்ளைகளுக்கு ஊசி போடத் தயங்கினார்கள். அப்போதைய மாவட்ட ஆட்சியர் மீர் முகமது அலி, பொய்யை மறுக்கும் அறிவிப்போடு நிறுத்தாமல், அரசுப் பள்ளிகளுக்குள் போனார். ‘சத்தியமேவ ஜெயதே’ என்ற பெயரில் சுமார் 150 பள்ளிகளில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்து வகுப்பு நடத்தினார். பெரிய நிதி எதுவும் இல்லை. ஓர் அதிகாரியின் முனைப்பில் நடந்தது. அந்த முனைப்பு மாற்றலாகிப் போனால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரிந்த கதை.

ஆனால் இங்கே கதை வேறாகப் போனது. காரணம், கேரளத்தில் ‘கைட்’ என்ற அரசு நிறுவனம் இருந்தது. 2001இல் பள்ளிகளில் கணினிக் கல்விக்காகத் தொடங்கிய திட்டம், 2017இல் நிறுவனமாக மாறி, ஆசிரியர் பயிற்சி, பாடநூல், கல்வித் தொலைக்காட்சி எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்தது. ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற மாணவர் கணினிக் குழுக்களும் உயர்நிலைப் பள்ளிகளில் இருந்தன. கண்ணூரின் யோசனையை அரசு மாநிலத் திட்டமாக எடுத்துக்கொண்டபோது, 2022இல் ஐந்து முதல் பத்தாம் வகுப்பு வரை 19.72 லட்சம் மாணவர்களுக்குக் கைட் பயிற்சி கொடுத்தது. ஒவ்வொரு மாணவருக்கும் கிடைத்தது சில மணி நேரமே. பீகார் ஆய்வின் கண்ணோடு பார்த்தால் இது போதாது. பிறகு ஐந்தாம், ஏழாம் வகுப்புத் தகவல்தொழில்நுட்பப் பாடநூல்களுக்குள்ளேயே பொய்ச் செய்தியைக் கண்டறியும் பகுதி சேர்க்கப்பட்டது. அந்த நகர்வைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். பாடநூலுக்குள் வந்துவிட்டால் அதற்கென ஆண்டுதோறும் யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை.

ஃபின்லாந்தை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள், நானும் ஒரு வரி சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறேன். 2016இல் நடைமுறைக்கு வந்த அந்நாட்டுப் பாடத்திட்டத்தில் பன்முக எழுத்தறிவு எல்லாப் பாடங்களுக்கும் பொதுவான திறனாக, சின்ன வகுப்பிலிருந்தே இருக்கிறது. அதற்குத் தனி நிதி எங்கே என்று தேடினால் பெரிதாக ஒன்றும் அகப்படாது. முதுகலை படித்த வகுப்பாசிரியர்கள், ஊருக்கு ஊர் பொது நூலகம் என்று பல பத்தாண்டுகளாகச் செய்த செலவின் விளைச்சல் அது. அங்கிருந்து பாடத்திட்டத்தை மட்டும் பெயர்த்துக்கொண்டு வந்தால் வேர் பிடிக்காது.

நம் பள்ளிகளில்

தமிழ்நாட்டில் பொய்ச் செய்தியின் விலை நமக்குத் தெரியும். போளூருக்குப் பிறகு, 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுவதாகப் பரவிய போலி வீடியோக்கள் இரண்டு மாநில அரசுகளையும் அலைக்கழித்தன. அந்த ஆண்டே அரசு தகவல் சரிபார்ப்பகம் ஒன்றை அமைத்தது. பரவிய பொய்யைத் துரத்திப் பிடிக்கும் வேலை அது. பொய் வந்து சேரும்போதே நிதானிக்கிற பிள்ளைகளை உருவாக்கும் வேலை பள்ளிக் கல்வித் துறையினுடையது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். 2024 ஏசர் அறிக்கையில், ஊரக இந்தியாவின் அரசுப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் 44.8 சதவீதம் பேர்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தார்கள். வாசிக்கவே தடுமாறும் பிள்ளைக்கு ஊடக எழுத்தறிவா என்று ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியர் கேட்டால் அவர் கேட்பதில் வலி இருக்கிறது. புதுப் பாடம் ஒன்றை அவர் தலையில் ஏற்றுவதை நானும் எதிர்க்கிறேன். ஆனால் இதை வாசிப்புக்கு வெளியே வைக்க வேண்டியதில்லை. நம் பள்ளிகளில் காலை வணக்கக் கூட்டத்தில் ஒரு பிள்ளை செய்தி வாசிக்கிறது. எந்த நாளிதழ், எந்தத் தேதி, இதை யார் சொன்னதாகப் போட்டிருக்கிறார்கள் என்று மூன்று வரி சேர்த்து வாசிக்கச் சொன்னால் ஒரு காசு செலவில்லை. அதே செய்தியை இரண்டு நாளிதழ்களில் வாசித்து, தலைப்பு ஏன் வேறாக இருக்கிறது என்று தமிழ் வகுப்பில் பேசினால் அது வாசிப்புப் பயிற்சியேதான். 2022இலிருந்து 6 முதல் 9ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளில் மாதந்தோறும் சிறார் திரைப்படம் திரையிடுகிறார்கள். படம் முடிந்து பேசும்போது, கேமரா எங்கே நின்றது, எதைக் காட்டாமல் விட்டது என்று ஒரு கேள்வி சேரலாம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான ‘தேன்சிட்டு’ இதழில் ஒரு பக்கம் இதற்குப் போகலாம்.

செலவு வேண்டிய இடம் ஆசிரியர் பயிற்சி. அதில் கஞ்சம் காட்டினால் ஆபத்து உண்டு. எதையும் நம்பாதே என்று சொல்லிக்கொடுப்பது சுலபம், அதற்குப் பயிற்சி தேவையில்லை. ஆனால் எல்லாவற்றையும் சந்தேகிக்கிற பிள்ளை மருத்துவரையும் சந்தேகிக்கும், நல்ல பத்திரிகையையும் சந்தேகிக்கும், கடைசியில் தனக்குப் பிடித்தவர் சொல்வதை மட்டும் நம்பும். அமெரிக்க ஆய்வாளர் டானா பாய்ட் 2018இல் இந்த எச்சரிக்கையை உரக்கச் சொன்னார். கேள்வி கேட்கவும் வேண்டும், நல்ல விடை கிடைத்ததும் ஏற்கவும் வேண்டும். இரண்டையும் சேர்த்து நடத்த ஆசிரியருக்குக் கைப்பழக்கம் வேண்டும். அது குறுவள மையத்தில் ஒரு பிற்பகல் பவர்பாயிண்டில் வராது.

நம் பயிற்சிச் சங்கிலி மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் தொடங்கி, மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனம், வட்டார வள மையம் வழியாக இறங்குகிறது. அதற்கான பணத்தில் பெரும்பங்கு மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற விகிதத்தில் செலவைப் பகிரும் சமக்ர சிக்ஷா திட்டத்திலிருந்து வர வேண்டியது. பிஎம் ஸ்ரீ என்ற மத்திய அரசின் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால் 2024–25க்குரிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்திவைத்தது. மாநில அரசு 2025இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. சம்பளத்துக்கே தவிக்கும்போது புதுப் பயிற்சிக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? அமெரிக்காவில் ஒரு செனட்டரின் கேலி செய்த வேலையை இங்கே ஒரு கையெழுத்துத் தகராறு செய்துவிட முடிகிறது. ஆகவே இந்தச் செலவு மாநிலத்தின் சொந்தக் கணக்கில் இருக்க வேண்டும் என்கிறேன்.

எவ்வளவு ஆகும்? என் கையால் போட்ட கணக்கு இது. ஏறத்தாழ 7,000 அரசு நடுநிலைப் பள்ளிகள், பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஆண்டுக்கு நான்கு நாள் பயிற்சி, பயணம், சாப்பாடு, கருத்தாளர் மதிப்பூதியம் எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 1,000 ரூபாய் என்றால் 5.6 கோடி. பள்ளிக்கு 4,000 ரூபாய் வீதம் கையேடு, பணித்தாள், இரண்டு நாளிதழ் சந்தாவில் ஒரு பங்கு என்று 2.8 கோடி. மதிப்பீட்டு ஆய்வுக்கு மிச்சத்தை வைத்து 10 கோடி என்றே கொள்வோம். 2025–26 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்விக்கு ஒதுக்கியது 46,767 கோடி. ஆயிரம் ரூபாயில் 21 காசு. தொடக்கப் பள்ளிகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அடிப்படைக் கற்றல் திட்டத்தின் ஆசிரியர் பயிற்சியிலேயே ஒரு நாளை இதற்கு ஒதுக்கிவிடலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பிள்ளைகள் பெற்றோருக்கு ஒரு பாடத்தை நடத்திக்காட்டட்டும், அதற்குச் செலவே இல்லை.

இந்தப் 10 கோடியை ஓர் ஆண்டு அறிவிப்பாகக் கொடுத்தால் வேண்டாம் என்பேன். அதில் பாதியாக ஆண்டுக்கு 5 கோடியே என்றாலும், ஐந்தாண்டுக்கு என்று எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். முதலாண்டில் பயிற்சி பெற்ற ஆசிரியர் மூன்றாமாண்டில் கருத்தாளராக வந்து நிற்கும்போதுதான் அந்தப் பள்ளிக்குள் ஏதாவது தங்கியிருக்கும்.

சட்டமன்றத்தில் பள்ளிக் கல்வித் துறைக்கான மானியக் கோரிக்கையின் எண் 43. அதன் விவாதம் நடக்கும் நாளில் அமைச்சர் புதிய அறிவிப்புகளை வாசிப்பார். வகுப்பறைகள், ஆய்வகங்கள், விளையாட்டுத் திடல்கள் வரும். ஆசிரியர் பயிற்சித் தலைப்பின் கீழ் இதற்கென ஒரு துணைத் தலைப்பும், அதற்கு எதிரே ஒரு தொகையும், அடுத்த ஆண்டு நெடுவரிசையிலும் அதே தொகையும் அச்சாகியிருக்கிறதா என்று அன்றைக்குப் பார்க்க வேண்டும்.